விலைக்கேற்ற வேகம்: மலையூர்க் கடையில் பிராசசரும் ரேமும் விற்பது எப்படி

"நல்ல ஸ்பீடா ஒண்ணு வேணும்க்கா." கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். இதைக் கேட்டதும் விலைப்பட்டியலை எடுத்து நீட்டாதீர்கள். "இப்ப இருக்கற கம்ப்யூட்டர்ல எந்த வேலைக்கு உட்கார்ந்து காத்திருக்கீங்க?" என்று கேளுங்கள். ஆன் செய்தால் டீ குடித்துவிட்டு வரும்வரை சுற்றிக்கொண்டே இருக்கிறதா, ஃபைல் திறக்க நேரமாகிறதா, பத்து டேப் திறந்தால் உறைந்துபோகிறதா, வீடியோ ரெண்டர் விடிய விடிய ஓடுகிறதா? பதில் எதுவோ, அவருடைய பணம் அந்த இடத்துக்குத்தான் போக வேண்டும். வேறு பாகத்தில் போட்ட காசுக்கு அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பில்லில் மட்டும் தெரியும்.

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீசும் செய்கிறேன். கூடலூரிலோ கொடைக்கானலிலோ இதே தொழிலில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை ரிச்சி தெருவில் பக்கத்துக் கடையைவிட நூறு ரூபாய் குறைத்தால் வியாபாரம் நடக்கும். மலையூரில் அது போதாது. இன்றைக்கு வாங்கிப் போனவரை ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பார்ப்போம், அடுத்த வாரம் கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் பார்ப்போம். அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிற மாதிரி விற்றிருக்க வேண்டும்.

முதலில் பழைய பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முடியாதென்றால் நீங்கள் போய்ப் பாருங்கள். அவர் தினமும் செய்யும் வேலையை அவர் கையாலேயே செய்யச் சொல்லிவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். பிராசசர், மெமரி (அதாவது ரேம்), டிஸ்க் மூன்றுக்கும் கோடு ஓடும். எந்தக் கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டு இறங்காமல் நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு.

ஒரு ஸ்டுடியோக்காரர் இன்டெலின் விலை உயர்ந்த ஐ7 பிராசசர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக வந்தார். கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர். ஆல்பத்தின் ஒரு பக்கத்தைத் திறந்ததும் மெமரி 97 சதவீதத்துக்குப் போனது. டிஸ்க் நூறில் நின்றது. பிராசசர் இருபதைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. 8 ஜிபி நிரம்பிவிட்டதால் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஐ7 போட்டிருந்தால் அதுவும் சேர்ந்து காத்திருக்கும். 16 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி ஒன்று. பெட்டி அதேதான். "அப்ப ஐ7 வேண்டாமா?" என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூடக் கேட்டார். அந்தக் கோடுகளை அவர் கண்ணாலேயே பார்த்ததால் மறுபேச்சு வரவில்லை. நான் வாயால் எவ்வளவு சொல்லியிருந்தாலும், கடையில் ஐ7 ஸ்டாக் இல்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்.

அடுத்து விலைக் கணக்கு. புதிதாகக் கடை போடுகிறவர்கள் சிப்பின் விலையை மட்டும் வேகத்தோடு வகுத்துப் பார்ப்பார்கள். முழுப் பெட்டிக்கும் கணக்குப் போட வேண்டும். எளிதாக இருக்கட்டும் என்று உருண்டையான எண்களாகச் சொல்கிறேன், இன்றைய சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'அ' என்ற பிராசசர் 9,000 ரூபாய். 'ஆ' 14,000 ரூபாய், வாடிக்கையாளரின் வேலையில் 30 சதவீதம் வேகம் அதிகம். சிப்பை மட்டும் பார்த்தால் விலை 55 சதவீதம் கூடி வேகம் 30 சதவீதம்தான் கூடுகிறது, நஷ்டம் போலத் தெரியும். ஆனால் மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கேபினெட், பவர் சப்ளை, மானிட்டர் எல்லாம் சேர்ந்து 26,000 என்று வையுங்கள். பெட்டி 35,000-லிருந்து 40,000 ஆகிறது. 14 சதவீதம் கூடக் கொடுத்து 30 சதவீதம் வேகம். தாராளமாக ஏறலாம்.

இப்போது 'இ' என்று ஒன்று, 24,000 ரூபாய், 'அ'வைவிட 45 சதவீதம் வேகம். பெட்டி 50,000. இதை 'அ'வோடு ஒப்பிட்டால் 43-க்கு 45, பரவாயில்லையே என்று தோன்றும். கம்பெனிக்காரர்களின் விளம்பரப் படங்கள் இப்படித்தான் கீழ்ப்படியோடு ஒப்பிட்டுக் காட்டும். நீங்கள் ஒவ்வொரு படியையும் அதற்கு முந்தைய படியோடு ஒப்பிடுங்கள். 'ஆ'விலிருந்து 'இ'க்கு 25 சதவீதம் விலை கூடுகிறது, வேகம் 12 சதவீதம்கூட இல்லை. 'ஆ'வோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். மிச்சம் பத்தாயிரத்தில் நல்ல யுபிஎஸ் வரும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. அந்த 30 சதவீதம் அவருடைய வேலையில் வர வேண்டும். டேலி கணக்கு மென்பொருளில் பில் போடுகிறவருக்கு 'ஆ'வும் 'அ'வும் ஒன்றுதான். அவருக்கு 14 சதவீதம் கூடுதல் விலைக்குக் கிடைப்பது பூஜ்யம்.

போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது தனிப் பாடம். "அக்கா, இதுல ஐ7 பதினாலாயிரம்னு போட்டிருக்கான். நீங்க ஐ3-க்கு முப்பதுக்கு மேல சொல்றீங்களே?" நியாயமான கேள்வி, கோபப்படக் கூடாது. ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கினால் பெரும்பாலும் ஐ7-3770 மாதிரி ஏதாவது இருக்கும். அது 2012-ல் வந்தது. நான்கு கோர் (உள்ளே வேலை செய்யும் பகுதிகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). பக்கத்தில் ஐ3-12100-ஐ வையுங்கள். 2022-ல் வந்தது. அதுவும் நான்கு கோர், எட்டு த்ரெட். உச்ச வேகம் அதற்கு 3.9 கிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 390 கோடி துடிப்பு), இதற்கு 4.3. காகிதத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஒரே துடிப்பில் புதியது முடிக்கும் வேலை மிக அதிகம். பத்து வருடத்தில் மாறியது அதுதான். கிகாஹெர்ட்ஸைப் பார்த்தால் அது தெரியாது. ஐ3, ஐ5, ஐ7 என்ற எண்கள் ஒரே தலைமுறைக்குள் மேல் கீழ் சொல்லத்தான் உதவும், தலைமுறை தாண்டினால் அர்த்தமில்லை. அப்புறம், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் அதிகாரபூர்வ ஆதரவு. அந்தப் பதினாலாயிரம் ரூபாய் ஐ7 மூன்றாம் தலைமுறை. இவ்வளவையும் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். போய் அதையே வாங்கினாலும் சர்வீசுக்கு இங்கேதான் வருவார்.

பெயரின் கடைசியில் இருக்கும் எழுத்தை விற்கிறவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இன்டெல் ஐ5-12400-க்கும் 12400எஃப்-க்கும் கோர், த்ரெட், வேகம் எல்லாம் ஒன்று. எஃப் உள்ளதில் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) அணைக்கப்பட்டிருக்கும், அதனால் விலை குறைவு. தனி கிராஃபிக்ஸ் கார்டு போடுகிறவருக்கு அது லாபம். கார்டு இல்லாதவருக்கு விற்றால் பெட்டி ஓடும், திரையில் ஒன்றும் வராது. ஏஎம்டியில் ரைசன் 5 5600-க்கு உள் கிராஃபிக்ஸ் கிடையாது, 5600ஜி-க்கு உண்டு. கூரியரில் தப்பாக வரவழைத்துவிட்டால் மேலே வந்த கூலியும் கீழே போகும் கூலியும் நம் தலையில்தான் விழும்.

ட்ரே பிராசசர் என்று கம்பெனி அட்டைப்பெட்டி இல்லாமல் விலை குறைத்துக் கொடுப்பார்கள். அதில் கம்பெனி ஃபேன் வராது. அட்டைப்பெட்டியில் வருவதற்கு இருக்கும் நேரடி கம்பெனி வாரண்டியும் கிடைக்காது, விற்றவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அந்த விற்றவர் நாம்தான். நான் தொடுவதில்லை.

ரேம் விஷயத்துக்கு வருவோம். விலையும் திறனும் அதிகம் குழப்பும் இடம் இதுதான்.

முதலில் அளவு, பிறகு சேனல் (ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள பாதை), கடைசியாகத்தான் மெகாஹெர்ட்ஸ். இந்த வரிசையை மாற்றாதீர்கள். 8 ஜிபி நிரம்பி வழிகிறவருக்கு 3600 வேக 8 ஜிபி கொடுத்தால் அதுவும் நிரம்பி வழியும். அளவு போதுமானதாக இருந்தால் அடுத்து, ஒன்றா இரண்டா என்ற கேள்வி. டிடிஆர்4 என்ற ரேம் வகையில் 3200 வேக ஸ்டிக் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி வரை கொடுக்கும், இரண்டு சேனலிலும் போட்டால் 51.2. 5600ஜி மாதிரி உள் கிராஃபிக்ஸ் சிப்பில் கேம் ஆடும் பையனுக்கு இது கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, இந்த ரேமைத்தான் பங்கு கேட்கும். அவனுக்கு 16 ஒன்றைவிட 8 இரண்டு மேல். டைப்பிங் சென்டருக்கும் இ-சேவை மையத்துக்கும் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அங்கே ஒற்றை ஸ்டிக் போட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டுவிடுங்கள், பின்னால் சேர்த்துக்கொள்ளட்டும்.

மெகாஹெர்ட்ஸைக் காட்டி விலை ஏற்றும்போது சிஎல் எண்ணையும் (கேட்டதைத் தருவதற்குள் ரேம் எத்தனை துடிப்பு எடுக்கும் என்பது) பாருங்கள். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் வரும். 3200 வேகம் சிஎல்16: பத்து. 3600 வேகம் சிஎல்18: அதுவும் பத்து. 3200 சிஎல்22: 13.75. அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5-ல் 6000 வேகம் சிஎல்36: பன்னிரண்டு. தாமதத்தைப் பொறுத்தவரை பெரிய எண் எப்போதும் பெரிய லாபமில்லை, ஒரே நேரத்தில் நிறைய அள்ளிப் போகும் வேலைகளில்தான் டிடிஆர்5-இன் பலம் தெரியும். இந்தக் கணக்கை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொத்த வியாபாரி உங்களிடம் எதையாவது தள்ளிவிடப் பார்க்கும்போது மனதுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: 3600 என்று அட்டையில் போட்டிருந்தாலும் பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்யாவிட்டால் அது குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். வாங்கியவர் காசு கொடுத்த வேகத்தை ஆன் செய்து கொடுப்பது நம் வேலை.

போர்டு தேர்விலும் ரேம் செலவு ஒளிந்திருக்கிறது. இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறை சிப்புகளுக்கு டிடிஆர்4 போர்டும் கிடைக்கும், டிடிஆர்5 போர்டும் கிடைக்கும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (சிப் உட்காரும் இடம்) உள்ள போர்டு டிடிஆர்5 மட்டும்தான். பழைய பெட்டியில் நல்ல டிடிஆர்4 ஸ்டிக் இருக்கிறவருக்கு டிடிஆர்4 போர்டு கொடுத்தால் ரேம் செலவே மிச்சம். ரேம் விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் இது பெரிய தொகை.

ரேம் விலை ஏன் இப்படி ஆடுகிறது என்று இந்த ஊரில் விளக்குவது சுலபம்: பச்சைத் தேயிலை விலை மாதிரிதான். இலையைக் கொடுக்கிறவர் கையில் விலை இல்லை. ரேமுக்குள் இருக்கும் டிராம் சிப்பு உலகில் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள்தான் பெரும்பகுதியைத் தயாரிக்கின்றன. அவர்கள் உற்பத்தியை எந்தப் பக்கம் திருப்புகிறார்களோ அதற்கேற்ப நம் ஊர் விலை நகரும். 2023-ல் சரக்கு தேங்கி விலை சரிந்தது. 2025-இன் கடைசியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்கு உற்பத்தி திரும்பியதால் சாதாரண ரேம் விலை தாறுமாறாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், குருஷியல் என்ற பெயரில் நடத்திவந்த சில்லறை வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது.

இதில் கடைக்காரர் செய்ய வேண்டியது: ரேமையும் எஸ்எஸ்டியையும் வாங்கிய விலையை வைத்து விற்காதீர்கள், திரும்ப வாங்க என்ன விலை ஆகும் என்பதை வைத்து விற்கவும். ஏறும்போது அப்படிச் செய்தால் இறங்கும்போதும் அப்படியே செய்ய வேண்டும், நஷ்டமானாலும். ஏறினால் புது விலை, இறங்கினால் பழைய விலை என்று நடத்துகிற கடையை ஊர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். கொட்டேஷனில் 'மூன்று நாள் வரை செல்லும்' என்று எழுதுங்கள். பள்ளிக்கூடமோ ஃபேக்டரியோ கமிட்டி கூடி முடிவெடுக்க மாதமாகும் என்றால், பிராசசர், போர்டு விலையை உறுதியாகவும் ரேம் விலையை 'டெலிவரி நாள் விலைப்படி' என்று தனி வரியாகவும் போட்டுக் கொடுங்கள். முதலில் முகம் சுளிப்பார்கள். தேயிலை ஃபேக்டரி மேனேஜருக்கு இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை, அவரே ஏலத்தில் வாராவாரம் அனுபவிக்கிறவர்.

விலை ஏறும் என்று கேள்விப்பட்டு ரேமை வாங்கி அடுக்கி வைக்கும் ஆசை வரும். மலையூர்க் கடைக்கு அது வேண்டாம். நம் முதலீடு சின்னது, போக்குவரத்தும் மெதுவானது. ஆனால் அக்டோபர், நவம்பருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோவையிலிருந்து சரக்கு வர நாளாகும். கூடலூர்ப் பக்கம் என்றால் ஜூன், ஜூலையில்.

எஸ்எஸ்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய தாவல். சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவு, என்விஎம்இ என்ற வேகமான வகையில் மூன்றாம் தலைமுறை 3,500 வரை, நான்காம் தலைமுறை 7,000 வரை. எண்கள் இரட்டிப்பானாலும் கணக்கு எழுதுகிறவருக்குப் பெட்டி ஆன் ஆவதில் வித்தியாசம் தெரியாது. கல்யாண வீடியோ காப்பி செய்கிறவருக்குத்தான் தெரியும். அவருக்கும் விலை குறைந்த கியூஎல்சி வகை (ஒரு செல்லில் நான்கு பிட் அடைப்பது) வேண்டாம். காப்பி ஆரம்பிக்கும்போது பறக்கும், உள்ளிருக்கும் கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க் அளவுக்குக்கூடப் படுத்துவிடலாம். மூன்று பிட் வகையான டிஎல்சி கொடுங்கள். 1 டிபி போட்டால் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும், 512 போட்டால் 476. விற்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் விளக்கம், விற்ற பின் சொன்னால் சமாளிப்பு.

இனி இந்த மலைக்கே உரிய கணக்கு. நூற்றுக்கணக்கில் பளபளவென்று லிக்விட் கூலர் (திரவத்தை ஓட்டிச் சிப்பின் சூட்டைத் தணிப்பது) விளம்பரங்களைப் பார்த்துவிட்டுப் பையன்கள் வருவார்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஃபேன் தள்ளும் காற்று கொஞ்சம் குறைவாகத்தான் சூட்டை எடுக்கும். ஆனால் அறையே பதினெட்டு இருபது டிகிரியில் இருக்கிறது. சென்னையில் முப்பத்திரண்டில் ஆரம்பிக்கிற பெட்டியைவிட நமக்குச் சாதகம்தான். 65 வாட் சிப்புக்குப் பெட்டியோடு வரும் ஃபேன் போதும். அந்தக் காசை யுபிஎஸ்ஸில் போடச் சொல்லுங்கள். காற்று மழையில் மரம் விழுந்து கரண்ட் போவதும் வருவதும் இங்கே அன்றாடம்.

ஈரப்பதம் இன்னொரு எதிரி. மாதக்கணக்கில் பனி உள்ளே வரும் வீட்டில் ரேமின் தங்க நிறக் கால்களில் அழுக்குப் படிந்து பெட்டி பீப் பீப் என்று கத்தும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, திரும்பச் செருகினால் பல சமயம் சரியாகிவிடும். இதற்கு ரேம் போய்விட்டது என்று சொல்லிப் புது ரேம் விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், போகட்டும்.

வாரண்டியையும் இங்கே விலையாகத்தான் பார்க்க வேண்டும். சர்வீஸ் சென்டர் கோவையில் என்றால், ஸ்டிக் கெட்டுப்போனால் கீழே அனுப்பி மாற்றி வரும் வரை பெட்டி நிற்கும். இலை வரத்து அதிகமான மாதத்தில் ஃபேக்டரியின் எடை பதியும் கம்ப்யூட்டர் ஒரு நாள் நின்றால், பிராண்டு மாற்றி மிச்சம் பிடித்த ஐந்நூறு ரூபாய் ஒரு மணி நேரத்துக்குத் தாங்காது. அதனால் அவர்களுக்கு ஒரே மாடல் பெட்டிகளாகக் கொடுத்து, அதற்குப் பொருந்தும் ஒரு ஸ்டிக்கையும் ஒரு எஸ்எஸ்டியையும் உங்கள் கடையில் மாற்றாக வைத்திருங்கள். அதைக் கொட்டேஷனில் ஒரு வரியாக எழுதுங்கள். சொல்லாமல் செய்தால் கணக்கில் வராது.

லாபத்தை எங்கே வைப்பது? பிராசசரில் வைக்காதீர்கள், அதன் விலையை எல்லோரும் போனில் பார்க்கிறார்கள். சந்தை விலைக்கே கொடுத்துவிட்டு, பொருத்தும் கூலி, பழைய டேட்டா மாற்றும் கூலி, வீட்டுக்கு வரும் கூலி என்று பில்லில் தனித்தனியாகப் போடுங்கள். கேட்டால் தைரியமாக விளக்கலாம். வீட்டுக்காரர்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்த விலையைச் சொல்லுங்கள், கடைசியில் வரி என்று கூட்டினால் ஏமாற்றியதாகத் தோன்றும். ஜிஎஸ்டி எண் உள்ள ஃபேக்டரிக்கு வரியைப் பிரித்துக் காட்டுங்கள், அவர்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்வார்கள்.

கடைச் சுவரில் சிப் பெயர்களை எழுதாமல் வேலையை எழுதுங்கள்: கணக்கும் பில்லும், படிப்பும் ஆன்லைன் வகுப்பும், ஆல்பமும் வீடியோவும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, ஒரு விலை, கீழே சின்ன எழுத்தில் விவரம். நடுவில் உள்ளதை விற்பதற்காக மேலே ஒரு பொய்யான விலை உயர்ந்த பெட்டியைப் போட்டு வைக்கும் தந்திரத்தைச் சிலர் சொல்லித் தருவார்கள். எனக்குப் பிடிக்காது. யாராவது ஒருவர் அதையே கேட்டு வாங்கிவிடுவார், அப்புறம் அவருக்கு என்ன பதில் சொல்வது?

விற்ற ரேம், எஸ்எஸ்டியின் சீரியல் எண்களைப் பில்லில் எழுதி, ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். பெட்டியைக் கொடுக்கும் முன் இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும். எஸ்எஸ்டியின் நிலையை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் காட்டி, ஓடிய மணி நேரம் புதிதுக்கு உரியதுதானா என்று வாடிக்கையாளரையே பார்க்கச் சொல்லுங்கள். காலையில் பிழை எதுவும் இல்லையென்றால் பெட்டியை மூடி, காலி ஸ்லாட் எத்தனை, அதில் அதிகபட்சம் எவ்வளவு போடலாம் என்பதை உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு வருடம் கழித்து அதைத் திறக்கப் போவது நீங்களாகவும் இருக்கலாம்.